மருந்தே சிக்கவில்லை, தடை மட்டும் எப்படி? எம்.எம்.ஏ. ஊக்கமருந்து சோதனையின் உள்கணக்கு

எம்.எம்.ஏ. என்ற கலப்புத் தற்காப்புச் சண்டையின் நட்சத்திரம் கானர் மெக்ரிகருக்கு 18 மாதத் தடை என்று 2025 அக்டோபரில் செய்தி வந்தது. அவருடைய சிறுநீரில் எந்த மருந்தும் பிடிபடவில்லை. ஊசி, மாத்திரை, பவுடர் எதுவும் பேச்சிலேயே இல்லை. 2024 ஜூன் 13, செப்டம்பர் 19, செப்டம்பர் 20 ஆகிய மூன்று நாள்களில் மாதிரி எடுக்கப் போனவர்களிடம் அவர் அகப்படவில்லை, குற்றம் அவ்வளவுதான். அப்போது அவர் காயத்தில் இருந்தார், எந்தச் சண்டைக்கும் தயாராகவும் இல்லை. பிறகு எதற்குத் தடை?

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை ஜிம்முக்குப் போகிற பையன்கள் எல்லோரும் யு.எஃப்.சி. என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தும் எம்.எம்.ஏ. சண்டைகளைப் பார்க்கிறார்கள். ஆனால் 'டெஸ்டில் மாட்டினான்', 'டெஸ்டில் தப்பினான்' என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் படித்தால் ஒன்றும் விளங்காது. சோதனையை நடத்தியது யார், எந்த நாளில் எடுத்தார்கள், எவ்வளவு இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு முடிவுக்குப் பொருள் கிடைக்கும். அதிலும் நாள்தான் முக்கியம். முன்கூட்டியே தேதி தெரிந்த சோதனை பெரும்பாலும் சடங்குதான்.

தடைப்பட்டியல் என்பது என்ன?

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, சுருக்கமாக வாடா, 1999-இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் கனடாவின் மாண்ட்ரியல். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அதன் புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். பட்டியலில் இரண்டு பெரிய பிரிவுகள்.

1. எப்போதும் தடை: ஸ்டீராய்டுகள், ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் இ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், குளோமிஃபீன் போன்ற ஹார்மோன் மாற்றிகள், சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரைகள், மூச்சுக்குழலை விரிக்கும் பெரும்பாலான மருந்துகள். சண்டை ஆறு மாதம் தள்ளி இருந்தாலும் இவை உடலில் இருக்கக்கூடாது.
2. போட்டிக் காலத்தில் மட்டும் தடை: கிளர்ச்சியூட்டிகள், போதை தரும் வலிநிவாரணிகள், கஞ்சா, கார்டிசோன் வகை மருந்துகள். வாடா கணக்கில் 'போட்டிக் காலம்' முந்தைய நாள் இரவு 11:59-க்குத் தொடங்கி, போட்டி முடிந்து மாதிரி எடுத்து முடிக்கும் வரை.

பட்டியலைவிடக் கடுமையானது அதன் அடியில் ஓடும் விதி. உடலுக்குள் எது இருந்தாலும் அதற்கு வீரரே முழுப் பொறுப்பு. மாஸ்டர் கொடுத்தார், டாக்டர் எழுதினார், தெரியாமல் குடித்துவிட்டேன் என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றத்தை இல்லாமல் ஆக்காது. யு.எஃப்.சி. வீரர் ஜான் ஜோன்ஸ் 2016-இல் குளோமிஃபீன், லெட்ரோசோல் இரண்டிலும் சிக்கினார். அவர் விழுங்கிய ஆண்மைக்குறைவு மாத்திரையில் அவை கலந்திருந்ததை நடுவர் குழுவே ஏற்றுக்கொண்டது. அப்படியும் ஓராண்டு முழுவதும் உட்கார வேண்டியிருந்தது.

குளோமிஃபீன் குழந்தைப்பேறு சிகிச்சையில் பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரைதானே என்று தோன்றலாம். ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டால் உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் நின்றுபோகும். ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு அதை மறுபடி கிளப்ப இந்த மாத்திரை போடுவார்கள். அதனால் ஆண் வீரரின் சிறுநீரில் இது தென்பட்டால், ஸ்டீராய்டே கிடைக்காவிட்டாலும், அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றிய சந்தேகம் எழுகிறது.

சோதனை யார் கையில்?

1. அரசு ஆணையம். அமெரிக்காவில் நெவாடா போன்ற மாநிலங்களில் சண்டை நடத்த உரிமம் தருவது மாநில அத்லெட்டிக் கமிஷன். சோதிக்கவும் அபராதம் போடவும் முடிவை ரத்து செய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று டாக்டர் சீட்டு வாங்கி ஊசி போட்டுக்கொண்டே சண்டையிடும் வழக்கத்தை 2014 பிப்ரவரி 27 அன்று நிறுத்தியது நெவாடா கமிஷன்தான்.

2. சண்டை நடத்தும் நிறுவனம். யு.எஃப்.சி. 2015 ஜூலை 1 முதல் 2023 டிசம்பர் 31 வரை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான யுசாடாவைக் காசு கொடுத்து அமர்த்தியிருந்தது. அதற்குப் பிறகு மாதிரி எடுப்பது டிரக் ஃப்ரீ ஸ்போர்ட் இன்டர்நேஷனல். முடிவுகளை நிர்வகிப்பது காம்பேட் ஸ்போர்ட்ஸ் ஆன்டி-டோப்பிங் என்ற தனி அமைப்பு. யு.எஃப்.சி. வாடாவின் விதிகளில் கையெழுத்திட்ட அமைப்பு அல்ல. அதனால் தன் பட்டியலையும் தண்டனையையும் அதுவே வகுத்துக்கொள்ளும். கஞ்சாவை 2023 இறுதியில் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது; வாடா பட்டியலில் அது தொடர்கிறது. டிக்கெட் விற்பவரே சோதனைக்கும் பணம் கட்டுகிறார் என்ற முரண் இன்னும் தீரவில்லை. நடுவில் எத்தனை நிறுவனத்தை வைத்தாலும் பில் போவது ஒரே முகவரிக்குத்தான்.

3. நாட்டின் முகமை. இந்தியாவில் அது நாடா, 2005-இல் தொடங்கியது. 2022-இல் வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் அதற்குச் சட்ட பலம் தந்தது. 2022-இல் இந்தியாவில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125 சிக்கின, அதாவது 3.2 சதவீதம். 2,000 மாதிரிகளுக்கு மேல் சோதித்த நாடுகளில் அந்த ஆண்டு இதுவே மிக அதிகம்.

தமிழ்நாட்டில் நெவாடா கமிஷன் போன்ற ஓர் அமைப்பு கிடையாது. சேலத்தில் ஒரு தனியார் அமைப்பாளர் கூண்டு போட்டு எம்.எம்.ஏ. போட்டி நடத்தினால், சோதனை உண்டா, எந்தப் பட்டியல், சிக்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதுதான். எழுதவில்லை என்றால் ஒன்றும் இல்லை.

ஆனால் நம் ஊர் ஃபைட்டர்கள் பலர் வெறும் எம்.எம்.ஏ. ஆள்கள் அல்லர். அதே பையன் காந்தி மைதானத்தில் குத்துச்சண்டையோ ஜூடோவோ ஆடி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று போவான். அங்கே நாடா வரும். கூண்டுச் சண்டைக்காகப் போட்ட ஊசி குத்துச்சண்டையில் வந்து நிற்கும். வாடா விதியில் ஒரு விளையாட்டில் வாங்கிய தடை அந்த விதியை ஏற்ற மற்ற எல்லா விளையாட்டுகளுக்கும் செல்லும்.

எந்த ஆய்வகம் என்பதும் கணக்கு

2015 ஜனவரி 31 அன்று நடந்த யு.எஃப்.சி. 183 நிகழ்ச்சியில் நிக் டியாஸிடம் ஒரே இரவில் மூன்று மாதிரிகள் எடுத்தார்கள். வாடா அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போன இரண்டும் கஞ்சா வரம்புக்குள் இருந்தன. அங்கீகாரம் இல்லாத மற்றோர் ஆய்வகத்துக்குப் போன ஒன்று மட்டும் வரம்பைப் பல மடங்கு தாண்டியது. நெவாடா கமிஷன் அந்த ஒன்றை வைத்தே 5 ஆண்டுத் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 18 மாதமாகக் குறைத்தது. ஒரே ஆள், ஒரே இரவு. இதற்குப் பிறகும் 'டெஸ்ட் சொல்லிவிட்டது' என்று ஒரு வரியில் முடிப்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

நாள்தான் வலை

ஒவ்வொரு மருந்தும் சிறுநீரில் தெரியும் காலம் வேறு. நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் எண்ணெய் ஊசி ஒன்று போட்டால் பல மாதங்களுக்குத் தடயம் இருக்கும். இ.பி.ஓ.வைச் சிறு அளவில் போட்டால் ஓரிரு நாள்களில் மறைந்துவிடும். ஆனால் அது உண்டாக்கிய சிவப்பணுக்கள் வாரக்கணக்கில் வேலை செய்யும். டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் அப்படித்தான், தடயம் சீக்கிரம் போகும், சேர்த்த தசை நிற்கும்.

ஆகவே எட்டு வாரத் தயாரிப்பில் ஆறாவது வாரம் வரை போட்டுவிட்டு நிறுத்துபவரைச் சண்டை நாள் சோதனை பிடிக்காது. பிடிக்க வேண்டுமானால் மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் கதவைத் தட்ட வேண்டும். சண்டையை ஒட்டிய சோதனையிலும் சில நேரம் சிலர் மாட்டுவதுண்டு: யு.எஃப்.சி. சாம்பியன் டி.ஜே. டில்லஷா இ.பி.ஓ.வில் மாட்டியது சண்டைக்கு முந்தைய நாளான 2019 ஜனவரி 18 அன்று எடுத்த மாதிரியில். பட்டத்தைத் தானே துறந்தார், இரண்டாண்டுத் தடையும் வாங்கினார்.

எடுத்தால் மட்டும் போதாது, முடிவும் நேரத்துக்கு வர வேண்டும். யு.எஃப்.சி. வீரர் பிராக் லெஸ்னர் 2016 ஜூன் 28 அன்று மாதிரி கொடுத்தார். ஜூலை 9-இல் சண்டையிட்டு வென்றார். குளோமிஃபீன் இருந்தது வெளியே தெரிந்தது ஜூலை 15-இல். ஓய்விலிருந்து திரும்பும் வீரர் நான்கு மாதம் முன்பே சோதனை வளையத்துக்குள் வர வேண்டும் என்ற விதியை அவருக்கு மட்டும் தளர்த்தியிருந்தார்கள். வென்றது ரத்தானது, கமிஷன் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. ஆனால் எதிராளி மார்க் ஹன்ட் வாங்கிய அடியை யாரும் ரத்து செய்ய முடியாது. ஓட்டப்பந்தயத்தில் ஊக்கமருந்து நொடிக்கணக்கைத் திருடுகிறது. இங்கே அது மண்டையில் விழுகிறது.

சொல்லாமல் கதவைத் தட்ட வேண்டுமானால் கதவு எது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் 'இருப்பிடத் தகவல்'. வாடா முறையில் உயர்நிலை வீரர் ஒவ்வொரு நாளுக்கும் எங்கே தங்குகிறார், எங்கே பயிற்சி என்று பதிய வேண்டும். காலை 5 மணி முதல் இரவு 11 மணிக்குள் ஏதாவது 60 நிமிடத்தைத் தேர்ந்து, அந்நேரம் இந்த இடத்தில் கட்டாயம் இருப்பேன் என்று எழுத வேண்டும். வந்தவர் அந்த ஒரு மணி நேரமும் காத்திருப்பார். முன்கூட்டிப் போன் செய்து சொல்லமாட்டார். செய்தாலும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான்.

எங்கே தவறுகிறார்கள் என்றால் முகவரியில். 'ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டம்' என்று எழுதினால் அது தகவலே அல்ல. அடிவாரத்திலிருந்து மேலே வரை 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, எதில் நிற்பது? காபி எஸ்டேட் ஒன்றில் தங்கினால் எஸ்டேட் பெயர் போதாது. எந்த வாசல், எந்த வீடு, காவலாளியிடம் என்ன பெயர் சொல்ல வேண்டும் என்பது வரை வேண்டும். சிக்னல் இல்லாத பள்ளத்தில் இருந்தேன் என்பது பதிலாகாது.

12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால் அது தனிக் குற்றம். மெக்ரிகர் மாட்டியது இங்கேதான். மருந்து மறையும் நாள்களில் ஒளிந்துகொள்ள வழி இருந்தால் மற்ற எல்லாச் சோதனையும் வீண் என்பதால், காணாமல் போவதையே குற்றமாக வைத்திருக்கிறார்கள். 24 மாதம் விதிக்க வேண்டியது, ஒத்துழைத்ததால் 18 ஆனது. அவர் மருந்து எடுத்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. எடுக்கவில்லை என்றும் பொருள் இல்லை.

90 மி.லி. சிறுநீர், அதற்குள் இத்தனை சிக்கல்

மாதிரி எடுக்கும் முறை உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றே.

1. அதிகாரி அடையாள அட்டையைக் காட்டி அறிவிக்கிறார். அந்த நொடியிலிருந்து வீரர் கண்பார்வையை விட்டு அகலக்கூடாது. குளிக்கப் போனாலும் ஆள் கூட வரும். வீரரும் தன் தரப்பில் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம்.
2. உறையிட்ட கோப்பைகளில் ஒன்றை வீரரே தேர்ந்தெடுக்கிறார்.
3. அதே பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் நேருக்கு நேர் பார்க்க, சிறுநீர் கழிக்க வேண்டும். சட்டை மார்பு வரை மேலே, கை முழங்கை வரை மடித்து, கால்சட்டை முழங்கால் வரை கீழே. கூச்சமான வேலைதான். ஆனால் வேறொருவர் சிறுநீரைப் பையில் கட்டி, ரப்பர் குழாய் வழியே விட்ட ஆள்கள் இருந்ததால் வந்த விதி இது.
4. குறைந்தது 90 மி.லி. வேண்டும். சீல் வைத்த பெட்டிகளிலிருந்து ஒன்றை எடுத்து, ஏ குப்பியில் குறைந்தது 60, பி குப்பியில் குறைந்தது 30 என்று வீரரே ஊற்றுகிறார். கோப்பையில் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும்.
5. மூடியைத் திருகினால் 'டிக் டிக்' என்று பல் விழும். பிறகு கையால் திறக்க முடியாது. குப்பி எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வீரரே படித்துப் பார்க்க வேண்டும்.
6. கோப்பை மிச்சத்தில் அடர்த்தி பார்க்கிறார்கள். தூய தண்ணீர் 1.000 என்றால், சிறுநீர் 1.005 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்; 150 மி.லி. அல்லது அதற்கு மேல் கொடுத்தால் 1.003 போதும்.
7. கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, பவுடர், ஊசி எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து. மறைத்துவிட்டுப் பிறகு சொன்னால் எடுபடாது.

மற்ற விளையாட்டுக்காரருக்கு இது அரை மணி வேலை. எம்.எம்.ஏ. ஃபைட்டருக்கு எடை பார்க்கும் நாளில் மாட்டினால் இரவெல்லாம் ஆகலாம். 77 கிலோப் பிரிவுக்காரர் சாதாரணமாக 83, 84-இல் இருப்பார். கடைசி மூன்று, நான்கு கிலோவை ஒரே நாளில் வியர்வையாக வடித்திருப்பார். அவரிடம் 90 மி.லி. கேட்டால் 30, 40 தேறும். அதைத் தற்காலிகமாகச் சீல் வைத்துவிட்டு மீதிக்குக் காத்திருப்பார்கள். எடை பார்த்து முடிந்ததும் தாகத்தில் ஒரே மூச்சாக இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தால் அடுத்த சிக்கல்: சிறுநீர் வெறும் தண்ணீராக வரும், அடர்த்தி 1.002, செல்லாது. திரும்பவும் காத்திரு. கொஞ்சம் கொஞ்சமாக, உப்புச் சேர்ந்த கரைசலாகக் குடிப்பவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த அறையில் சீல் உடைக்காத பாட்டிலைத் தானே எடுத்துக் குடிப்பதுதான் பாதுகாப்பு. நண்பர் வாங்கி வந்த ஜூஸ் வேண்டாம்.

சேலத்தில் எடுத்த மாதிரி எங்கே போகும்? இந்தியாவில் வாடா அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றே ஒன்று, டெல்லியில். அதன் அங்கீகாரம் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு 2021 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் நம் மாதிரிகள் வெளிநாட்டுக்குப் போயின. சித்திரை வெயிலில் குளிர்ச்சி இல்லாமல் இரண்டாயிரம் கிலோமீட்டர் போனால் பாக்டீரியா பெருகி ஸ்டீராய்டு அளவுகளையே மாற்றிவிடும். அதனால் குப்பி எப்போது, யார் கையில், எந்தக் குளிரில் இருந்தது என்ற ஏடு கூடவே போகிறது. வழக்குகளில் வக்கீல்கள் முதலில் புரட்டுவது இந்த ஏட்டைத்தான்.

ஆய்வகம் எதைப் பார்க்கிறது?

ஸ்டானசோலால் போன்ற செயற்கைப் பொருள் என்றால் வேலை எளிது. உடல் அதைச் செய்யாது. இருந்தால் வெளியிலிருந்து வந்ததுதான். டெஸ்டோஸ்டிரோன் அப்படி அல்ல, எல்லோர் உடலிலும் உண்டு. அதனால் முதலில் டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதன் இணையான எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் பார்ப்பார்கள். பெரும்பாலானோருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். 4-ஐத் தாண்டினால் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம் கார்பன் கணக்கு. மருந்துக் கம்பெனி டெஸ்டோஸ்டிரோனைச் சோயா போன்ற செடிகளின் பொருளிலிருந்து செய்கிறது. அத்தகைய செடிகளில் கனமான கார்பன்-13 சற்றுக் குறைவு. கேழ்வரகு, கம்பு, சோளம், கரும்பு ஆகியவற்றில் அது அதிகம். அரிசியிலும் கோதுமையிலும் குறைவு. அப்படியானால் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவரின் சொந்த டெஸ்டோஸ்டிரோனே ஊசி மருந்தைப் போலத் தெரியாதா? தெரியக்கூடும். அதனால்தான் வேறொருவரோடு ஒப்பிடாமல், அதே ஆளின் சிறுநீரில் உள்ள, ஊசியால் மாறாத இன்னொரு ஹார்மோனோடு ஒப்பிடுகிறார்கள். களி தின்றவருக்கு இரண்டும் உயரும், சோறு தின்றவருக்கு இரண்டும் தாழும். ஊசி போட்டவருக்கு மட்டும் இரண்டுக்கும் இடைவெளி விழும்.

இனி அளவு. ஜான் ஜோன்ஸ் 2017 ஜூலையில் எடுத்த மாதிரியில் இருந்த டூரினபால் என்ற ஸ்டீராய்டின் தடயத்துக்காக 15 மாதத் தடை பெற்றார். தடை முடிந்து 2018 டிசம்பர் 9 அன்று எடுத்த மாதிரியில் மறுபடி அதே தடயம், 1 மி.லி.க்குச் சுமார் 60 பிகோகிராம். நெவாடா உடனே உரிமம் தரத் தயங்கியதால் யு.எஃப்.சி. 232 நிகழ்ச்சியையே ஆறு நாள் இருக்கையில் லாஸ் வேகாஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மாற்றினார்கள்.

ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நம் மாவட்டத்து மேட்டூர் அணை முழுக் கொள்ளளவில் 93.47 டி.எம்.சி., அதாவது ஏறத்தாழ 2.65 லட்சம் கோடி லிட்டர். அதில் 2.65 கிலோ உப்பைக் கரைத்தால் 1 மி.லி.யில் ஒரு பிகோகிராம் உப்பு இருக்கும். ஜோன்ஸின் 60 என்பது, நிரம்பிய அணையில் 50 கிலோ மூட்டை மூன்றும் கொஞ்சமும் கொட்டியது போல. அதையும் இயந்திரம் காட்டிவிடுகிறது.

இவ்வளவு நுட்பம் வந்ததும் கேள்வியே மாறிவிட்டது. 'இருக்கிறதா' என்பதல்ல, 'எப்போது நுழைந்தது, இந்த அளவு உடலில் ஏதாவது செய்யுமா' என்பதே கேள்வி. டூரினபாலின் நீண்டகாலத் தடயம் கொழுப்பில் தங்கி, ஒரு வாரம் தெரியாமலும் மறுவாரம் தெரிந்தும் விளையாட்டுக் காட்டும். புதிதாகப் போட்டிருந்தால் சீக்கிரம் மறையும் வேறு தடயங்களும் கூடவே இருக்க வேண்டும். அவை இல்லாததால் இது பழைய மிச்சம் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். 2019 இறுதியில் யு.எஃப்.சி. இத்தகைய சில பொருள்களுக்கு 100 பிகோகிராம் வரை குற்றமாகக் கொள்ளாது என்று வரம்பு வைத்தது. ஜோன்ஸுக்காகவே வளைத்த விதி என்று பலர் சொல்வார்கள். விதியில் நியாயம் உண்டு. வந்த நேரம்தான் நெருடுகிறது.

ஏற்காடு ஏறினால் ரத்தம் ஊறுமா?

மலையில் ஓடினால் இ.பி.ஓ. போட்ட பலன் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. உடல் தானாக இ.பி.ஓ. சுரந்து சிவப்பணுவைக் கூட்ட, 2,000 மீட்டருக்கு மேல் மூன்று, நான்கு வாரம் தங்க வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். காலையில் ஏறி மதியம் இறங்கினால் காலுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி, ரத்தத்துக்கு ஒன்றும் இல்லை. ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதியும் 'உயிரியல் பாஸ்போர்ட்' தாளில், கடந்த இரண்டு வாரத்தில் 1,500 மீட்டருக்கு மேல் இருந்தீர்களா என்று கேட்பார்கள். ஏற்காடு அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, எழுதிவிடுவது நல்லது. எஸ்டேட் காபியை எவ்வளவு குடித்தாலும் கவலை இல்லை, காஃபீனை 2004-லேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கும் ஆபத்து

ஸ்டீராய்டு தெரிந்தே போடுபவர் கதை வேறு. தெரியாமல் சிக்குபவர்கள் சிக்குவது பெரும்பாலும் இவற்றில்.

1. இருமல் சிரப். நம் ஊரில் விற்கும் பல சிரப்புகளில் டெர்புடலின் இருக்கிறது. அது எப்போதும் தடை. சால்புடமால், லெவோசால்புடமால் கலந்த சிரப்பும் அப்படியே. சால்புடமாலை இன்ஹேலரில் இழுத்தால் மட்டும் அனுமதி: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் கூடாது.

2. குளுக்கோஸ் ஏற்றுவது. எடை பார்த்ததும் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் போட்டுக்கொண்டால் தெம்பு வரும் என்பது நம் ஊர் வழக்கம். வாடா விதியில் 12 மணி நேரத்துக்கு 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியே ஏற்றக்கூடாது; ஆஸ்பத்திரிச் சிகிச்சை, அறுவை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒரு பாட்டில் 500 மி.லி. உள்ளே இருப்பது வெறும் உப்புத் தண்ணீர்தானே என்றால், குற்றம் பொருளில் இல்லை, முறையில் இருக்கிறது. ரத்தத்தையும் சிறுநீரையும் நீர்க்கச் செய்து தடயத்தை மறைக்க அதுவே வழி.

3. அப்பாவின் பிரஷர் மாத்திரை. ரத்த அழுத்தக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் சிறுநீரைப் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் இருக்கும். எடை இறங்கவில்லையே என்று அதில் ஒன்றை விழுங்கினாலும், நேராக அதே வேலை செய்யும் ஃபுரோசமைடு வாங்கிப் போட்டாலும் தடைதான். உடம்பும் தாங்காது: ஏற்கெனவே நீர் வற்றிய நிலையில் பொட்டாசியமும் போனால் இதயத் துடிப்பு தடுமாறும்.

4. முழங்கால் ஊசி. கார்டிசோன் வகை மருந்துகளை எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. பிரெட்னிசோலோன் மாத்திரைக்கு 3 நாள் இடைவெளி போதும். ஆனால் ட்ரையாம்சினோலோனைத் தசையில் போட்டால் 60 நாள் வேண்டும். 'வலி ஊசி' என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால் அந்தச் சீட்டால் பயன் இல்லை. மருந்தின் பெயர், அளவு, போட்ட இடம், தேதி நான்கும் வேண்டும்.

5. மெஃபென்டர்மின் ஊசி. முதுகில் மயக்க ஊசி போட்டு அறுவை செய்கையில் விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்கக் கொடுப்பது. ஜிம்களில் 'பம்ப்' வர என்று கைமாறுகிறது. போட்டிக் காலத்தில் தடை. தடையைவிட, அழுத்தம் எகிறிய இதயத்தோடு கூண்டுக்குள் போவதே பெரிய ஆபத்து.

6. டப்பா. வே புரோட்டீன், கிரியாட்டின் இரண்டும் தடையில் இல்லை. சிக்கல் அதே ஆலையில் ஓடிய முந்தைய சரக்கின் தூசியிலும், லேபிளில் சொல்லாமல் கலப்பதிலும். டப்பாவில் உள்ள எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உணவு உரிமம்தான்; ஊக்கமருந்து சோதித்த சான்று அல்ல. அதற்கு இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். போன்ற தனி முத்திரைகள் உண்டு. கலவை எழுதாத லேகியமும் பஸ்பமும் இந்தக் கணக்கில் டப்பாவுக்குச் சமம்.

மருந்துப் பெயரைப் போட்டுப் பார்க்க நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' சேவை இருக்கிறது. வணிகப் பெயரைவிட உள்ளே இருக்கும் மூலப்பொருளின் பெயரைப் போடுவது நல்லது. ஒரே பெயரில் சிரப்பும் மாத்திரையும் வேறு வேறு கலவையில் வரும். நோய்க்காகத் தடை மருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் சிகிச்சை விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

மாட்டினால் அடுத்து என்ன?

வாடா முறையில் ஸ்டீராய்டு, இ.பி.ஓ. போன்றவற்றுக்கு அடிப்படைத் தண்டனை 4 ஆண்டு. வேண்டுமென்று செய்யவில்லை என்று வீரர் நிரூபித்தால் 2. சிரப், பிரஷர் மாத்திரை போன்ற பொருள்களுக்கு 2-இல் தொடங்கி, தவறின் அளவைப் பொறுத்து இறங்கும். டில்லஷா இ.பி.ஓ.வுக்கு வாங்கிய இரண்டாண்டு, ஒலிம்பிக் விளையாட்டில் நான்காகியிருக்கும்.

ஏ குப்பி சிக்கியதாகக் கடிதம் வந்தால் பி குப்பியைத் திறக்கக் கேட்கும் உரிமை உண்டு. திறக்கும்போது வீரரோ அவர் ஆளோ நிற்கலாம். ஆனால் பி குப்பி முதல் முடிவைப் பொய்யாக்குவது அரிது. பணத்தையும் நாளையும் அதில் மட்டும் இறைப்பது வீண். வாதம் நிற்பது மருந்து எப்படி நுழைந்தது என்று காட்டுவதில். அதற்குக் கடை பில் வேண்டும், டாக்டர் சீட்டு வேண்டும், குடித்த டப்பாவின் மிச்சம் வேண்டும். அதைவிட முக்கியமாக, அதே பேட்ச் எண்ணுள்ள சீல் உடைக்காத இன்னொரு டப்பா வேண்டும். திறந்த டப்பாவில் நீயே கலந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். முடிவு வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் காலி டப்பா பழைய இரும்புக்காரனிடம் போயிருந்தால், பேட்ச் எண்ணும் அதோடு போயிற்று.